நாகவல்லியின் அவையடக்கம்

என் பெண்டாட்டி நாகவல்லியைப் பற்றிக் காரைக்குடியில் உலவுகிற கதைகளில் பாதிக்குமேல் பொய். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டுதான் அமெரிக்காவுக்கு மனுப் போட்டாள் என்பது ஒரு கதை. எம்.எல்.ஏ. சிபாரிசு என்பது இன்னொன்று. சிபாரிசாம், சிபாரிசு! எங்கள் இரண்டு குடும்பத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு தாலுகா ஆபீஸ் பியூன்கூட அகப்படமாட்டான். நடந்ததைக் கூட இருந்து பார்த்தவன் நான். ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சேவுகன். தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் செக்கர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வாய் கொஞ்சம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். இரண்டும் இல்லாதவன் தேவகோட்டை ரூட்டில் டிக்கெட் பரிசோதிக்கப் போனால் அவனையே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

நாகவல்லி என் தாய்மாமன் மகள். காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்னக் கிராமம். மாமா சோணைமுத்து கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயச் சம்சாரி. ஆனாலும் மகளை மதுரையில் ஹாஸ்டலில் விட்டு பி.ஏ. படிக்க வைத்தார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை மட்டும் வாங்கிவிட முடியாது. பெற்ற பிள்ளையை வாயால் மெச்சக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். எங்கள் பக்கத்து அப்பன்மார் பலரும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு, பெண்கள் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டே நாகவல்லி எம்.ஏ. எழுதிப் பாஸ் பண்ணினாள். அந்தச் செய்தியைச் சொல்ல நான் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "சரி, சாப்பிட்டுப் போங்க மாப்ளே" என்றார். அத்தோடு சரி.

அவள் கதை எழுதுவாள். காலையில் உலை வைத்துவிட்டு, அரிசி வேகிற நேரத்தில் அடுப்படியிலேயே உட்கார்ந்து எழுதுவாள். நாலைந்து கதைகள் மெட்ராஸ் பத்திரிகைகளில் வந்திருந்தன. அதில் ஒன்று, ஊருக்குப் பொதுவான கண்மாய் மடையைத் தானே போய்த் திறந்துவிட்டு வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஒரு பெண்ணைப் பற்றியது. ஊரே திரண்டு வந்து மன்னிப்புக் கேள் என்கிறது. அவள் கேட்கவில்லை. கதை அங்கே முடிகிறது. கையெழுத்தில் அதை முதலில் படித்தவன் நான்தான். படித்துவிட்டு டூட்டிக்குப் போனவன், அன்று டிக்கெட் இல்லாத ஒருவனை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் வந்தபோது கடைசியில் புதிதாக நாலு வரி முளைத்திருந்தது. அந்தப் பெண் புருஷன் காலில் விழுந்து கண்ணீரால் அவன் பாதத்தை நனைக்கிறாளாம். ஆசிரியர் சேர்த்துவிட்டார். குடும்பப் பத்திரிகை அல்லவா! நாகவல்லி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கு மெட்ராசுக்கு ரயிலேறிப் போய் அந்த ஆளை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. அவள் விடவில்லை.

அறுபத்தாறில் மெட்ராசில் டீச்சர்களுக்கு ஏதோ பயிற்சி என்று போனவள், அங்கே ஒரு லைப்ரரியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் புத்தகங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நாட்டில் இலக்கியத்தோடு கதை எழுதுவதையும் சேர்த்துப் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கலாமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கதை எழுதப் பள்ளிக்கூடம் என்றால், வம்பளக்கப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. இங்கே தன் கதையைப் படிக்கிறவர்கள் ஒன்று பிரமாதம் என்கிறார்கள், இல்லை பேசாமல் போகிறார்கள், இல்லை வாலை வெட்டிவிட்டு வேறு வால் ஒட்டுகிறார்கள் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "ஒருத்தராச்சும் பக்கத்துல உக்காந்து, இந்த வரி சரியில்ல, இது ஏன் இப்படின்னு என்கிட்டக் கேக்கணும் அத்தான். ரெண்டு வருசம் அப்படி ஒரு எடத்துல இருந்துட்டு வந்தாப் போதும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அபூர்வமான சம்பவம்.

பயம் இல்லாமல் இருக்குமா? அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளை இல்லாத வீடு. என் ஆத்தா சின்னத்தாயி இதைக் கேள்விப்பட்டதும் சொன்னதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. அவள் போய்விட்டால் திரும்பி வருவாளா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்தக் கண்மாய்க் கதையைப் படித்தவன் எப்படிச் சொல்வான்?

மனு என்றால் நம் ஊர் மனு மாதிரி ஒரு தாள் அல்ல. தன் கதைகளைத் தானே இங்கிலீஷில் பெயர்த்து அனுப்ப வேண்டும். தன்னைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுத வேண்டும். அவளை அறிந்த இரண்டு பெரியவர்கள் அவளைப் பற்றிக் கடிதம் கொடுக்க வேண்டும். கதைகளைப் பெயர்ப்பதற்குள் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மடை என்பதற்கு ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்பாள், அடிப்பாள், இன்னொன்று போடுவாள். ஆனால் அதெல்லாம் நன்றாகவே முடிந்தது.

தன்னைப் பற்றிய கட்டுரையில்தான் வினை வந்தது. நம் பழைய புலவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பெரிய காவியம் பாடப் போனாலும் முதலில் சபையை வணங்கி, நான் ஒன்றும் தெரியாதவன், என் பாட்டு குற்றம் நிறைந்தது, பெரியவர்கள் பொறுக்க வேண்டும் என்று பாடிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அவையடக்கம் என்று பெயர். நாகவல்லி அப்படியே செய்தாள். தான் ஒரு குக்கிராமத்துப் பெண், எழுத்தென்றால் என்னவென்று இன்னும் அறியாதவள், தன் கதைகள் பெரியோர் படிக்கத் தகுந்தவையல்ல, ஆயினும் துணிந்து அனுப்புகிறேன் என்று அழகான இங்கிலீஷில் இரண்டு பக்கம். எனக்குப் படித்துக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. என்ன மரியாதை, என்ன பணிவு என்று நினைத்தேன்.

சிபாரிசுக் கடிதம் கொடுத்த இரண்டு பேரும் அதே ரகம். மதுரைக் கல்லூரிப் பேராசிரியர், இவள் அடக்கமானவள், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவள், தன் எல்லை தெரிந்தவள் என்று எழுதினார். நம் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? ஹெட்மிஸ்ட்ரஸ் உமையாள் ஆச்சி, நடுத்தரத் திறமை, நல்ல நடத்தை என்று நாலு வரியில் முடித்துவிட்டார்கள். ஆச்சிக்கு நாகவல்லி என்றால் உயிர். அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறு வருஷம், இங்கே ஆட்சி மாறிய அமளியெல்லாம் ஓய்ந்த பிறகு பதில் வந்தது. ஒரு பேராசிரியை கையெழுத்துப் போட்டிருந்தார். கதைகள் தங்களை மிகவும் கவர்ந்தன என்று முதலில் எழுதிவிட்டு, ஆனால் எழுத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியாது, உங்கள் கதைகள் படிக்கத் தகுந்தவையல்ல என்று நீங்களே சொல்வதாலும், உங்களை அறிந்தவர்களும் அதையே உறுதி செய்வதாலும், இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் தயாரானதும் விண்ணப்பிக்கலாம் என்று முடித்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! நம் ஊரில் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவன், ஏதோ கூழோ கஞ்சியோ குடித்துவிட்டுப் போங்கள் என்றுதான் கூப்பிடுகிறான். அதைக் கேட்டு, கஞ்சிதானே என்று எவனாவது வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறானா? இது தெரியாதவர்கள் என்ன இலக்கியம் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று வீடே அதிரக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நாகவல்லி கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். மறுநாள் காலையில் எனக்கு இட்லி வைக்கும்போது சொன்னாள். "அவுக மேல தப்பில்லத்தான். நாந்தான் பொய் எழுதிட்டேன்."

என்ன பொய் என்றேன்.

"ஒண்ணுந் தெரியாதவ நான்னு எழுதினேன்ல, அது. எனக்குத் தெரியும். கதையில ஒரு வரி பொய் எழுதமாட்டேன். இதுலதான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சட்னி எடுக்கப் போய்விட்டாள். அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், அவளை அன்றுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொன்னால் தப்பில்லை.

அடுத்த முறை மனுப் போடுவது என்று முடிவானது. அதுதான் கடைசி வாய்ப்பும்கூட. பள்ளிக்கூட நிர்வாகம் படிப்புக்காக ஒரே ஒரு தடவைதான் நீண்ட லீவு தரும் என்றும், அறுபத்தொன்பதில் போனால் உண்டு, தாண்டினால் கிடையாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் போகிற நிலைமையில் நாங்கள் இல்லை.

ஆனால் பொய் எழுதிவிட்டேன் என்று சொல்வது ஒன்று, மெய்யை எழுதுவது வேறு. எனக்கு எழுத வரும் என்று ஒரு வரி எழுத அவளால் முடியவில்லை. எழுதுவேன் என்று சிலர் சொல்கிறார்கள் என்று தொடங்குவாள், அடிப்பாள். என் ஆசிரியர்களின் ஆசியால் என்பாள், அதையும் அடிப்பாள். எங்கள் பக்கத்தில் பிறந்த பெண்ணுக்கு அது சும்மா வந்துவிடுமா? ரசம் எப்படி என்று கேட்டால்கூட, ஏதோ வைத்திருக்கிறேன் என்றுதானே சொல்லப் பழகியிருக்கிறார்கள். நான் எதிரே உட்கார்ந்துகொண்டு, எங்கே, எனக்கு நன்றாக எழுத வரும் என்று வாயால் சொல்லு பார்ப்போம் என்பேன். முகம் சிவந்து எழுந்து போய்விடுவாள். மாதக் கணக்கில் இந்தக் கூத்து நடந்தது.

கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தது கோபம்தான். என்னைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட ஒரே நல்ல குணம் அது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு காலையில் அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து, ஆசிரியர் சேர்த்த நாலு வரியை மறுபடி படித்தாள். உலை பொங்கி வழிகிறது, கவனிக்கவில்லை. ஒரே மூச்சில் எழுதினாள். என் கதைக்கு வேறொருவர் முடிவு எழுதினார், அது தவறு, ஏன் தவறு என்று எனக்குத் தெரியும் என்று ஆரம்பம். அந்தப் பெண் ஏன் காலில் விழமாட்டாள் என்று ஒரு பக்கம். பிறகு இப்படி: நன்றாக எழுதத் தெரியாதவளுக்கு இது தெரிந்திருக்காது. ஆகவே எனக்கு நன்றாக எழுத வரும். இன்னும் நன்றாக எழுதக் கற்றுக்கொள்ள வருகிறேன்.

படித்து முடித்த பிறகுதான் அடுப்பைப் பார்த்தேன். சோறு குழைந்து போயிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டோம்.

மிச்சம் சிபாரிசுக் கடிதம். பேராசிரியருக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினாள். அவர் முதலில் கோபித்துக்கொண்டு, பிறகு நன்றாகவே எழுதி அனுப்பிவிட்டார். உமையாள் ஆச்சி வீட்டுக்கு நாங்கள் இருவருமாகவே போனோம். நம் ஊரில் யாரும் யாரிடமும் கேட்டிராத ஒன்றை நாகவல்லி கேட்டாள். "ஆச்சி, போன தடவ மாதிரி குறைச்சு எழுதாதீக. என்னையப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீகளோ அதை எழுதுங்க."

ஆச்சி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்கள். "அதை எழுதினா உனக்குக் கண்ணு பட்டுப்போகும்மா. அதுக்குப் பயந்துதானே நாலு வரியில முடிச்சேன். கண்காணாத தேசத்துல போயி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுத்தரத் திறமை என்று அந்த அம்மாள் எழுதியது அத்தனையும் பாசம்! திருஷ்டிப் பொட்டு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காக்காரன் பொட்டைப் பார்த்துவிட்டு முகமே கறுப்பு என்று நினைத்துவிட்டான்.

ஆச்சி எழுதிய இரண்டாவது கடிதம் தாளின் இரு பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் ஏறியது. என்ன எழுதினார்கள் என்று எங்களுக்குக் காட்டவில்லை. கவரை ஒட்டினார்கள். பிறகு உள்ளே போய்க் கல்லுப்பும் வரமிளகாயும் அள்ளிக்கொண்டு வந்து, நாகவல்லியைக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, அவளுக்கும் கவருக்கும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் நெடி ஏறினால் கண்ணேறு இல்லை என்று கணக்கு. மூன்று பேரும் காத்திருந்தோம். ஏறியதே ஒரு நெடி! பி.ஏ., பி.டி. படித்த ஹெட்மிஸ்ட்ரஸ் இருமிக்கொண்டே, ஒன்றுமில்லை, போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள்.

அறுபத்தொன்பது பங்குனியில் பதில் வந்தது. இடம் கொடுத்திருந்தார்கள். படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம், அங்கேயே வகுப்பெடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. நாகவல்லி வாசலில் நின்றபடியே படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என் ஆத்தா யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

விசாவுக்காக ஜூலை மாதம் மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. நிலாவில் மனிதன் இறங்கப் போகிறான் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. அதுவரை மாமா இந்த விஷயத்தில் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புறப்படுகிற அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காரைக்குடி வந்து நின்றார். மெட்ராஸைப் பார்க்க வேண்டுமாம்.

தூதரக அலுவலகத்தில் ஒரு பெரிய ஹால். ஓரத்தில் பெஞ்சுகள், எதிரே கவுண்டர். மாமாவை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் அவளோடு போனேன். எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். கவுண்டரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் நம் ஊர் மொழிபெயர்ப்பாளர். அதிகாரி அவள் காகிதங்களைப் புரட்டினார். பிள்ளை உண்டா? இல்லை. புருஷன் கூட வருகிறாரா? இல்லை. திரும்பி வருவதற்கு என்ன நிச்சயம்? பள்ளிக்கூடம் லீவு கொடுத்த காகிதத்தைக் காட்டினாள். அவருக்குத் திருப்தி இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே கேட்டார். கதை எழுதுகிறவர்கள் எங்கள் நாட்டிலேயே நிறையப் பேர் இருக்கிறார்களே, இத்தனை தூரம் வந்து படிக்கிற அளவுக்கு நீங்கள் நன்றாக எழுதுவீர்களா?

அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் வேலைக் கடமை. ஹால் முழுக்கக் கேட்கும்படி தமிழில் கேட்டார்: "துரை கேக்கறாரு, நீங்க அவ்வளவு நல்லா எழுதுவீங்களாம்மா?"

நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். காகிதத்தில் எழுதியாகிவிட்டது, உண்மைதான். காகிதம் கடல் தாண்டிப் போனது. இதுவோ பெற்ற தகப்பன் காதுபட வாயால் சொல்ல வேண்டியது. எனக்கு வாய் துடித்தது. எங்கள் ரூட் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி நான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டிவிட்டார். அந்த அம்மாளே சொல்ல வேண்டுமாம். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கினார்.

இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். மாமாவுக்குப் புரிந்திருக்காது. அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு முறை திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கேட்ட பாஷையிலேயே பதில் சொன்னாள்.

"நல்லா எழுதுவேன்."

அதையே இங்கிலீஷிலும் சொன்னாள். அதிகாரி பேனாவை எடுத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

போனாள். அங்கே அவள் கதைகளைப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து வரிவரியாகப் பிய்த்தார்கள். சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதினாள். எழுபத்தொன்றில் திரும்பி வந்து அதே பள்ளிக்கூடத்தில் அதே வகுப்பை எடுத்தாள். அதன் பிறகு அவள் கதைக்கு வால் ஒட்ட எவனும் துணியவில்லை. அதெல்லாம் பின்னால் நடந்தது, ஊருக்கே தெரியும்.

அன்று கவுண்டரிலிருந்து திரும்பினோம். பெற்ற அய்யா முன்னால் இப்படிச் சொல்லிவிட்டேனே, என்ன நினைப்பாரோ என்று என் காதில் முணுமுணுத்தபடியே வந்தாள். மாமா நாங்கள் வருவதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பையனின் முழங்கையைத் தட்டி, கவுண்டர் பக்கம் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் மக தம்பி, அங்க நிண்டுச்சே, அதுதான். ரொம்ப நல்லா எழுதும்."

நாகவல்லி அந்த ஹாலின் நடுவிலேயே நின்று ஓவென்று அழுதாள். நானும்தான்.